விடை எழுதாத கேள்விக்கு எத்தனை மார்க்? தேர்வுத் தரவில் காலிக் கட்டங்களைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

நாலு விருப்பத்தில் ஒன்றின் வட்டத்தைக் கறுப்பாக்கும் தேர்வு, மொத்தம் நாற்பது கேள்வி. மெய்யம்மை நாற்பதுக்கும் விடை குறித்தாள். அதில் 20 சரி. சாத்தப்பன் நிதானமான பையன். மணி அடித்தபோது 24 கேள்விதான் முடித்திருந்தான். அதில் 18 சரி. இரண்டு பேரில் யார் நன்றாகச் செய்தார்கள்?

எழுதாததெல்லாம் தப்பு என்று வைத்தால் சாத்தப்பனுக்கு 45 சதவீதம், மெய்யம்மைக்கு 50. அவன் தொட்ட கேள்விகளை மட்டும் எடுத்தால் 24க்கு 18, அதாவது 75 சதவீதம். இன்னொரு கணக்கும் உண்டு. கடைசி ஒரு நிமிடத்தில் மிச்சமிருந்த 16 வட்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கியிருந்தால், நாலில் ஒன்று என்ற கணக்கில் சராசரியாக 4 கூடுதலாகக் கிடைத்திருக்கும். அப்போது 22, அதாவது 55 சதவீதம். விடைத்தாள் ஒன்று, மார்க் மூன்று. முதல் கணக்கில் அவன் பின்னால் நிற்கிறான், மற்ற இரண்டிலும் முன்னால்.

பெயரும் எண்ணும் உதாரணத்துக்காக நான் வைத்தவை. சிக்கல் நிஜம். காரைக்குடி, புதுவயல், தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தேர்வுத் தாள்களைத் தொகுத்துப் பார்க்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். முதல் வருடம் காலிக் கட்டம் எல்லாவற்றிலும் 0 போட்டேன். கடைசிப் பக்கத்துக் கேள்விகளில் பிள்ளைகள் வரிசையாக விழுந்திருந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்க அளவியல். கனச்செவ்வகத்தின் கனஅளவு, புறப்பரப்பு. "பிள்ளைகளுக்கு அளவியல் வரவில்லை" என்று அறிக்கை எழுதினேன், அதற்காகத் தனி வகுப்பும் நடந்தது. அடுத்த வருடம் அதே பாடத்தை முதல் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, அளவியல் நன்றாகவே வருகிறது என்று. வராமல் போனது நேரம்தான்.

ஆசிரியர்களுக்கும், எம்.எட்., பிஎச்.டி. ஆய்வுக்காகப் பள்ளிகளில் தேர்வு வைத்துவிட்டு எக்செல் முன்னால் விழிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தேர்வுக்கு முன்னாலேயே செய்ய வேண்டியவை

பாதிப் பிரச்சினையை வினாத்தாள் ஜெராக்ஸுக்குப் போவதற்கு முன்பே தீர்த்துவிடலாம்.

வினாத்தாளை இரண்டு வரிசையில் அடியுங்கள். ஒரு வரிசையில் அளவியல் கடைசியில், இன்னொன்றில் முதலில். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள். காப்பியடிப்பதும் குறையும். கேள்வி கஷ்டமா, நேரம் பற்றவில்லையா என்பதைப் பிரித்தறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தாளிலும் எந்த வரிசை என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, தெரியாத கேள்வியில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லா அறையிலும் ஒரே வாசகத்தைச் சொல்லச் செய்யுங்கள். ஓர் அறையில் டீச்சர் "தெரியலைன்னா விட்டுருங்கப்பா" என்றும், அடுத்த அறையில் சார் "எதையாவது போட்டு வை" என்றும் சொன்னால், அப்புறம் எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. நம் பிள்ளைகள் பெரிய தேர்வுகளுக்குப் போகும்போது இந்த விதியே இடத்துக்கு இடம் மாறுகிறது. நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு, விட்டால் 0. நாலு விருப்பத்தில் குருட்டாம்போக்காகக் குறித்தால் சராசரியாகக் கால் மார்க் லாபம்தான். ஊகத்தால் லாபமே வரக்கூடாது என்றால் தப்புக்கு 1.33 கழிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தப்புக்குக் கழிவு கிடையாது. ஆனால் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டமே வைத்துவிட்டார்கள். ஆக, ஒரு காலிக் கட்டம் எதைச் சொல்கிறது என்பது பிள்ளைக்கு முன்கூட்டி என்ன சொல்லி உட்காரவைத்தோம் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது, யார் எத்தனை மணிக்கு எழுத ஆரம்பித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பஸ் லேட்டாகி, கால் மணி நேரம் கழித்து வந்து உட்காரும் பிள்ளைகள் இங்கே எப்போதும் உண்டு. இந்தச் சின்னக் குறிப்பு பின்னால் எவ்வளவு உதவும் என்று பார்ப்போம்.

முதல் படி: காலிக்குப் பெயர் வையுங்கள்

கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே தொகை இல்லை என்றால், அவர் செய்யவில்லை என்று உடனே முடிவு கட்ட மாட்டோம். வரவே இல்லையா, வந்து செய்யவில்லையா, செய்தும் எழுதுகிறவர் விட்டுவிட்டாரா என்று கேட்போம். பதில் மொய் அதைப் பொறுத்ததாயிற்றே. விடைத்தாளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

நான் வைத்திருக்கும் குறியீடு இது. விருப்பங்களுக்கு 1, 2, 3, 4. இரண்டு வட்டம் கறுத்திருந்தால் 6. அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை என்றால் (பக்கம் விட்டுப்போன ஜெராக்ஸ், அச்சு விழாத வரி) 7. பார்த்தும் தாண்டிப் போனது 8. நேரம் முடிந்து எட்டாமல் போனது 9.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கோடு எங்கே? பிள்ளையின் மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது. உலக அளவில் நடக்கும் டிம்ஸ், பிசா தேர்வுகளில் ஒரு எளிய விதி இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். கடைசிக் கேள்வியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசியாக விடை எழுதிய கேள்வியைக் கண்டதும் நில்லுங்கள். அதற்கு அடுத்த முதல் காலியை மட்டும் 'தாண்டியது' என்று வையுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது மணி அடித்திருக்கலாம் என்பது ஊகம். அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் 'எட்டாதவை'. விடை எழுதிய கேள்விகளுக்கு இடையில் கிடக்கும் காலி எல்லாம் 'தாண்டியது'. சாத்தப்பனுக்கு 25ஆவது கேள்வி 8, 26 முதல் 40 வரை 9.

இங்கே எல்லோரும் ஒரு தடவை விழும் குழி ஒன்று உண்டு. குறியீடு போட்ட அதே தாளில் எக்செல்லின் சம் போட்டால் 8, 9 எல்லாம் மார்க்காகக் கூடிவிடும். நாற்பது மார்க் தேர்வில் ஒரு பிள்ளை 171 வாங்கியதை நானே அச்செடுத்து ஒரு கூட்டத்தில் கொடுத்திருக்கிறேன். மூலத் தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அதைப் பார்த்து 0, 1 போடும் இன்னொரு தாளை உருவாக்குங்கள். அந்த இரண்டாவது தாளில் கட்டத்தை வெறுமையாக விடுவதும் 0 போடுவதும் ஒன்றல்ல. எக்செல்லின் ஆவரேஜ் வெறும் கட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்காது, 0 இருந்தால் சேர்க்கும். நீங்கள் யோசிக்காமல் விட்டால் எக்செல் உங்களுக்குப் பதிலாக முடிவெடுத்துவிடும்.

இரண்டாவது படி: ஏன் காலி என்று கேளுங்கள்

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான இலக்கணம் எழுதியவர் டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர். 1976இல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இன்று எல்லோரும் சொல்லும் மூன்று வகை வருகிறது. ஆங்கிலப் பெயர்கள் குழப்பும். நம் ஊர் உதாரணத்தில் பார்த்தால் குழப்பம் இல்லை.

விடைத்தாள் கட்டு மழையில் நனைந்து சில தாள்களில் மை கரைந்துவிட்டது. யாருடைய தாள், எந்தக் கேள்வி என்பதற்கும் பிள்ளையின் திறமைக்கும் சம்பந்தம் இல்லை. இது முழுத் தற்செயல். மிச்சமிருப்பதை வைத்துக் கணக்கிட்டால் தகவல் குறையும், ஆனால் ஒரு பக்கமாகச் சாயாது.

பஸ் லேட்டாகி வந்த பிள்ளைகள் கடைசிக் கேள்விகளை எட்டவில்லை. தற்செயல் இல்லை, தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கும். ஆனால் காரணம் நம் நோட்டில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று. ஒரே நேரத்துக்கு வந்தவர்களுக்குள் பார்த்தால் எட்டாமை தற்செயல்தான் என்று வாதிட முடிந்தால், கையிலிருக்கும் தகவலை வைத்துச் சரிசெய்யலாம். அந்த நேரக் குறிப்பை எழுதாமல் விட்டிருந்தால் இந்த வழி அடைபட்டுப் போயிருக்கும்.

தெரியாததால் தாண்டிப் போனது மூன்றாவது வகை. எழுதாமல் விட்ட விடையே காலிக்குக் காரணம். கல்வித் தேர்வில் இதுதான் சாதாரணமாக நடப்பது, இதுதான் ஆபத்தானதும். இதை 'எழுதியதை மட்டும் பார்ப்போம்' என்று கழித்துவிட்டால், தெரிந்ததை மட்டும் தொட்ட பிள்ளைக்கு 100 சதவீதம் கொடுத்துவிடுவீர்கள்.

எந்த வகை என்று தரவு தானாகச் சொல்லாது. ஆனால் ஜாடை காட்டும். ஒரு கேள்வியைத் தாண்டியவர்களையும் தாண்டாதவர்களையும் பிரித்து, மற்ற 39 கேள்விகளில் அவர்கள் வாங்கிய சராசரியை ஒப்பிடுங்கள். தாண்டியவர்கள் சராசரி தெளிவாகக் குறைவு என்றால், தெரியாமல்தான் தாண்டியிருக்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் கேள்வியையே எடுத்துப் பாருங்கள். ஒருமுறை இப்படிப் பார்த்தபோது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே ஒரு கேள்வியைக் கூட்டமாக விட்டிருந்தார்கள். படத்தில் கோணத்தின் பெயர் அச்சில் விழவே இல்லை. அந்த 8 எல்லாம் உண்மையில் 7.

மூன்றாவது படி: கேள்வியை எடைபோடும்போது

மார்க்கை விட்டுவிட்டு முதலில் கேள்விகளைப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு எண்கள்: சரி, தப்பு, தாண்டியது, எட்டாதது. எக்செல்லின் கவுண்ட்இஃப் போதும்.

180 பிள்ளைகள் எழுதிய தேர்வில் 38ஆவது கேள்வியை 90 பேர்தான் எட்டினார்கள், அதில் 63 பேர் சரி என்று வைத்துக்கொள்வோம். எட்டாததைத் தப்பாக வைத்தால் 35 சதவீதம், கஷ்டமான கேள்வி. எட்டியவர்களுக்குள் பார்த்தால் 70 சதவீதம், சுலபமான கேள்வி. கேள்வியின் கடினத்தையும் பிள்ளையின் திறமையையும் ஒரே அளவுகோலில் வைக்கும் ராஷ் போன்ற முறைகளில் பேசும் லாஜிட் அளவில் (சரிக்கும் தப்புக்கும் உள்ள விகிதத்தின் இயற்கை மடக்கை) சொன்னால், இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 1.5 வித்தியாசம். அது பெரிய இடைவெளி.

கேள்வியின் கடினத்தை அளக்கும்போது எட்டாததைக் 'கொடுக்கப்படாத கேள்வி' என்றே வையுங்கள் என்பேன். பார்க்காத கேள்வியைப் பற்றி அந்தப் பிள்ளை நமக்கு எதையும் சொல்லவில்லை. ஆனால் 70ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எட்டிய 90 பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தால் கேள்வி இருப்பதைவிட சுலபமாகத் தெரியும். ராஷ் போன்ற விடை மாதிரிகளின் உபயோகம் இங்கேதான்: யார் எட்டினார்கள், அவர்கள் மற்ற கேள்விகளில் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்து எடைபோடும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் டாம், மிர்ட் என்ற தொகுப்புகள் இலவசம். வெறும் கட்டத்தைக் கொடுக்கப்படாத கேள்வியாகவே எடுத்துக்கொள்ளும். வேகமும் திறமையும் பின்னிக் கிடந்தால் அந்த மாதிரியாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் இரண்டு வரிசை வினாத்தாளை முதலிலேயே வற்புறுத்தினேன்.

நம்பகத்தன்மை எண் பார்த்து ஏமாறுவதும் இங்கே நடக்கும். எட்டாத கேள்விகளுக்கு 0 போட்டால் கடைசிக் கேள்விகள் எல்லாம் ஒரே பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல 0 ஆகும். அவை ஒன்றோடொன்று பொருந்திப்போவதுபோல் தோன்றும். அந்தப் பொருத்தத்தை வைத்துக் கணக்கிடும் நம்பகத்தன்மை எண்ணான கிரான்பாக் ஆல்ஃபா ஏறும். ஆய்வேட்டில் 0.85 என்று பெருமையாகப் போடுவதற்கு முன், அதில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு கடிகாரம் என்று பாருங்கள். தேர்வில் நேர நெருக்கடி இருந்ததா என்று அறிய அமெரிக்காவில் தேர்வுகள் தயாரித்து நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தில் நெடுநாளாகப் புழங்கும் உத்தேச அளவு ஒன்று உண்டு: 80 சதவீதம் பேராவது கடைசிக் கேள்வியை எட்ட வேண்டும், எல்லோரும் முக்கால்வாசிக் கேள்விகளையாவது எட்ட வேண்டும். மேலே சொன்ன தேர்வில் 38ஐயே பாதிப் பேர்தான் எட்டினார்கள். அது கணக்குத் தேர்வாக மட்டும் இருக்கவில்லை.

நான்காவது படி: பிள்ளைக்கு மார்க் போடும்போது

இப்போது தொப்பியை மாற்ற வேண்டும். கேள்வியை எடைபோட ஒரு விதி, பிள்ளையை எடைபோட வேறு விதி என்பது முரண் இல்லை. டிம்ஸ் அப்படித்தான் செய்கிறது: எட்டாதவை கேள்வியின் கடினத்தைக் கணிக்கும்போது கொடுக்கப்படாதவை, மாணவர் மதிப்பெண் கணிக்கும்போது தப்பு. பிசாவும் 2012 வரை அப்படித்தான். 2015 சுற்றிலிருந்து இரண்டு இடத்திலும் கொடுக்கப்படாதவை என்று மாற்றிக்கொண்டது. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009 சுற்றின் நீட்டிப்பில் பிசா எழுதியபோது பழைய விதிதான் நடப்பில் இருந்தது.

மாற்றியது சரியா என்று நிபுணர்களே சண்டை போடுகிறார்கள். பழைய விதியை ஆதரிப்பவர்கள் சொல்வது எளிது: எட்டாததை மன்னித்தால், முதல் ஐந்து கேள்வியை மெதுவாக, தப்பில்லாமல் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைப்பதே லாபமாகிவிடும். எதிர்ப்பவர்கள் சொல்வது: அளப்பது கணக்கா, வேகமா? இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்?

தாண்டிய கேள்விக்கு ஒரு நடுவழி உண்டு. தேர்வுக் கோட்பாட்டு நிபுணர் ஃபிரெடரிக் லார்ட் 1974இல் முன்வைத்தது: நாலு விருப்பம் உள்ள கேள்வியைத் தாண்டினால் அதைக் கால் பங்கு சரி என்று எடுத்துக்கொள்வது. ஊகித்தவனுக்குச் சராசரியாகக் கிடைக்கக்கூடியது நேர்மையாக விட்டவளுக்கும் கிடைக்கட்டும் என்பது அதன் நியாயம். அமெரிக்காவின் தேசிய மதிப்பீடான நேப்பில் கொள்குறிக் கேள்விகளுக்கு இந்த வழி நடைமுறையில் இருந்து வருகிறது. ஒருமதிப்பெண் கேள்விக்குச் சரி. 'நிரூபி', 'கணக்கிடு' என்று எழுதச் சொல்லும் கேள்விக்கு இது பொருந்தாது. அங்கே ஊகத்தால் விடை வராது, அதனால் காலிக்கு 0தான்.

வகுப்பறைக்கு என் சிபாரிசு: மார்க் பட்டியலில் போகும் எண்ணுக்குத் தாண்டியதும் எட்டாததும் 0, ஆனால் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். எட்டாதது எத்தனை என்பதைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். '40க்கு 18' என்பது ஒரு பிள்ளை. '40க்கு 18, எட்டாதது 15' என்பது வேறு பிள்ளை. அவனுக்குத் தேவை பாடம் இல்லை, நேரப் பழக்கம். அச்சுப் பிழையால் வந்த 7ஐ மட்டும் மொத்தத்திலிருந்தே கழித்துவிடுங்கள். 39க்கு மார்க் போட்டு 40க்கு மாற்றினால் போயிற்று. வட்டம் இரண்டு கறுத்த 6க்கு 0. அதில் தத்துவம் எதுவும் இல்லை.

ஐந்தாவது படி: ஆய்வுக்காகக் காலியை நிரப்புவது

இது ஆராய்ச்சி செய்பவர்களுக்கு. ஒரு பள்ளியின் சராசரி, இரண்டு கற்பித்தல் முறைகளின் வித்தியாசம் போன்றவை வேண்டும் என்றால் நிரப்பலாம். தனிப் பிள்ளையின் மார்க்கை இப்படி நிரப்பி ரேங்க் கார்டில் எழுதாதீர்கள். 'நீ எழுதியிருந்தால் இது வந்திருக்கும்' என்று எந்தத் தாயாரிடமும் சொல்ல முடியாது.

எல்லோரும் முதலில் செய்வது காலியில் சராசரியை நிரப்புவது. செய்யாதீர்கள். எல்லாக் காலிக்கும் ஒரே எண் போட்டால் தரவின் பரவல் சுருங்கிவிடும். பிழை அளவு பொய்யாகக் குறைந்து, இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும். அதைவிடத் தேவலை, பிள்ளையின் சராசரியோடு கேள்வியின் சராசரியைக் கூட்டி மொத்தச் சராசரியைக் கழித்து வரும் எண்ணை வைத்து நிரப்புவது. கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதல், கஷ்டமான கேள்விக்குக் குறைவு என்று அது இரண்டு பக்கமும் பார்க்கிறது.

முறையான வழி பன்முறை நிரப்பல். இதையும் விரிவாக எழுதியவர் ரூபின்தான், 1987இல். காலியை ஒரு தடவை நிரப்பாமல் ஐந்து, இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுபட்ட சாத்தியமான விடையால் நிரப்பி, ஒவ்வொரு முழுத் தரவிலும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் சேர்ப்பது. ஆர் மென்பொருளில் மைஸ் என்ற தொகுப்பு இதைச் செய்யும். வந்த நேரம், பள்ளி, முந்தைய காலாண்டு மார்க் எல்லாவற்றையும் நிரப்பும் மாதிரிக்குள் சேருங்கள். அந்தப் பஸ் நேரக் குறிப்பு உதவிக்கு வருவது இங்கேதான்.

சேர்ப்பது எப்படி? ஐந்து தடவையில் சராசரி மார்க் 21.2, 20.8, 21.6, 21.0, 20.9 என்று வந்ததாக வைப்போம். இறுதிச் சராசரி 21.1. ஒவ்வொன்றின் திட்டப்பிழையும் (சராசரி எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) 0.5 என்றால், அதன் வர்க்கமான உள் மாறுபாடு 0.25. ஐந்து சராசரிகளுக்கு இடையேயான மாறுபாடு 0.10, அதை ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்த 1.2ஆல் பெருக்கினால் 0.12. கூட்டினால் 0.37, வர்க்கமூலம் 0.61. ஒரே தடவை நிரப்பியிருந்தால் 0.5 என்று எழுதியிருப்போம். அந்த 0.11 நமக்குத் தெரியாததற்கான விலை, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் விடை தெரியாததால் தாண்டியவற்றை இப்படி நிரப்பாதீர்கள். கையிலிருக்கும் தகவலைக்கொண்டு காலியை விளக்க முடியும் என்பதுதான் இந்த முறையின் அஸ்திவாரம். மூன்றாவது வகையில் அது இல்லை.

தேர்வுக்கே வராத பிள்ளைகளை மேலே சொன்ன எதிலும் சேர்க்க வேண்டாம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் பால்குடம் எடுக்கும் நாளில் தேர்வு வைத்தால் பாதி வகுப்பு வராது, அது உங்கள் தப்பு. இன்னொரு நாள் வையுங்கள். முடியாவிட்டால், எத்தனை பேர் பட்டியலில், எத்தனை பேர் எழுதினார்கள் என்று இரண்டையும் போடுங்கள். வந்தவர்களுக்கு எடை கொடுத்துச் சரிக்கட்டுவது தனி வேலை.

ஆறாவது படி: மூன்று விதமாகவும் கணக்கிட்டுப் பாருங்கள்

எட்டாததை 0 ஆக வைத்து ஒரு தடவை, கொடுக்கப்படாததாக வைத்து ஒரு தடவை, கால் பங்காக வைத்து ஒரு தடவை. கேள்விகளின் கடின வரிசையும் பள்ளிகளின் வரிசையும் மூன்றிலும் மாறவில்லை என்றால் நிம்மதியாக ஒன்றை எடுத்து எழுதலாம். மாறினால், எங்கே மாறுகிறது என்பதுதான் உங்கள் அறிக்கையின் முக்கியமான பக்கம். என் அனுபவத்தில் மாறுவது பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக் கேள்விகளும், தூரத்துக் கிராமப் பிள்ளைகள் அதிகமாக வரும் பள்ளிகளும்தான்.

அறிக்கையில் இப்படி ஒரு பத்தி இருக்கட்டும்: "மொத்த விடைக் கட்டங்களில் இத்தனை சதவீதம் தாண்டியவை, இத்தனை சதவீதம் எட்டாதவை. கடைசியாக எழுதிய விடைக்கு அடுத்த காலியைத் தாண்டியதாகவும், அதற்குப் பிந்தியவற்றை எட்டாதவையாகவும் எடுத்தோம். கேள்விகளின் கடினத்தைக் கணிக்கும்போது எட்டாதவை சேர்க்கப்படவில்லை. மாணவர் மதிப்பெண்ணில் அவற்றுக்கு 0. தெரியாத கேள்வியை விட்டுவிடலாம் என்று எல்லா அறைகளிலும் சொல்லப்பட்டது." சதவீதத்தை உங்கள் தாளிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள். குறியீட்டுப் பட்டியலை அச்செடுத்து விடைத்தாள் கட்டின் மேலேயே வைத்துக் கட்டிவிடுங்கள். கணினியில் மட்டும் இருந்தால் இரண்டு வருடம் கழித்து 8 எது, 9 எது என்று நீங்களே தேடுவீர்கள்.